பெரியநாயகம் பார்த்த பல்ஜ்

கூட்டேரிப்பட்டில் வீக்கம், புடைப்பு என்று சொன்னால் ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவார்கள். டயருக்கு வந்தால் அதற்குப் பெயர் பல்ஜ். பள்ளத்தில் விழுந்த அடியில் டயருக்குள் இருக்கும் நூல் அறுந்து, காற்று நெட்டித் தள்ள, ஓரத்தில் எலுமிச்சம்பழம் மாதிரி உப்பி நிற்கும். பஞ்சர் போல ஒட்ட முடியாது. எப்போது வெடிக்குமோ தெரியாது, டயரை மாற்றித்தான் ஆகவேண்டும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் என் டீக்கடைக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியநாயகம் அண்ணன். பல்ஜ் டயருக்குக் காற்றே பிடிக்க மாட்டார். "உசுரு முக்கியமா, ஊரு முக்கியமா?" என்று வண்டிக்காரர்களிடம் கத்துவார். மனைவி பாக்கியமேரி இறந்துபோன பிறகு, அந்தக் கத்தல்தான் அவருக்குப் பேச்சு.

மகன் லூர்து பிரகாஷுக்குச் சென்னையில் வேலை, விழுப்புரத்தில் மாமியார் வீடு. மாதம் தவறாமல் போவான், வருவான். நடுவில் அப்பா கடையில் காற்று பிடிக்க மட்டும் நிறுத்துவான். காரை விட்டு இறங்கினால் அதிசயம், மகராசன்! "ஒரு ராத்திரி தங்கிட்டுப் போயேன்டா" என்று இவர் கேட்பதும், "அடுத்த வாட்டிப்பா" என்று அவன் கிளம்புவதும் எனக்கு மனப்பாடம்.

போன ஞாயிறு சாயங்காலம் பெண்டாட்டியை மாமியார் வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வந்தான். அண்ணன் குனிந்து பின்பக்க டயரைத் தடவினார். நான் டீயோடு பக்கத்தில்தான் நின்றேன். டயரில் ஒரு உப்பலும் இல்லை.

"பல்ஜ் ஆயிடுச்சிடா. இத்த எடுத்துக்கினு போவாத" என்றார்.

"ஸ்டெப்னிய மாட்டுங்கப்பா."

"அதுல காத்து நிக்காது. காலைல திண்டிவனம் போய் புது டயரு வாங்கியாந்து போட்டுடறேன். நைட்டு இங்கியே தங்கிடு."

அடப்பாவி மனுஷா! டீயை மகனிடம் நீட்டினேன்.

லூர்து பிரகாஷ் டயரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை.

"காலைல ஆபீஸ் இருக்குதுப்பா. வண்டி இங்கியே நிக்கட்டும், நான் பஸ்ல போறேன். டயர் மாத்திட்டு போன் பண்ணுங்க. ஆக்டிங் டிரைவர அனுப்பறேன், வந்து எடுத்துக்குவான்."

சாவியை அவர் கையில் வைத்தான். சென்னை பஸ் வந்ததும் ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

அண்ணன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார்.

"அந்த டிரைவராவது ஒரு வேள சோறு சாப்ட்டுட்டுப் போவானா, பூமாலை?"