வட்டம் போடாத ஸ்லைடு

பூந்தமல்லிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் புற்றுநோய்க் கட்டிகளின் மரபணுவைச் சோதித்துச் சொல்வது என் வேலை. எங்களையும் சேர்த்து மூன்று கல்லூரிக்காரர்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம்: சில கண்ணாடி ஸ்லைடுகளை ஒருவருக்கொருவர் அனுப்பி, முடிவு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. அதற்கு விதிகள் எழுதிய மேதாவி நான்தான். முதல் விதி: ஸ்லைடில் ஒட்டிய சதைச் சீவலில் கட்டி எங்கே என்று நோயியல் மருத்துவர் பேனாவால் வட்டம் போட்ட பிறகே சோதனைக்குச் சுரண்டி எடுக்க வேண்டும். இதை மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பே எடுத்திருக்கிறேன்.

ஆவடிப் பக்கம் சேக்காட்டு அம்மா ஒருவரின் நுரையீரல் சதை வந்தது. கட்டியின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தால் மாத்திரை போதும், இல்லாவிட்டால் கீமோ. எங்கள் நோயியல் மருத்துவர் விடுப்பில் இருந்தார். இருபது வருஷம் பழகிய கண்ணுக்கு வட்டம் எதற்கு என்று நானே சுரண்டி, ‘மாற்றம் இல்லை’ என்று கையெழுத்தும் போட்டேன். திங்கட்கிழமை கீமோ என்று முடிவாயிற்று. மிச்ச ஸ்லைடுகள் ஏற்பாட்டின்படி அம்பத்தூர்ப் பக்கத்துக் கல்லூரிக்குப் போயின.

வெள்ளிக்கிழமை அந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளரான பெண்மணி போன் செய்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

“சார், எங்களுக்கு மாற்றம் இருக்குன்னு வருது.”

“உங்ககிட்ட வேற ஏதாவது கலந்திருக்கும்மா,” என்று ஆரம்பித்துப் பாடமே நடத்தினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஸ்லைடுல வட்டமே இல்லையே சார். எங்க டாக்டர் போட்டுக் குடுத்தாங்க. ஓரத்துல துளியூண்டுதான் கட்டி இருக்கு.”

நான் சுரண்டியது நல்ல சதையை. நல்ல சதையில் மாற்றம் இல்லை என்று நான் சொன்னது முழு உண்மைதான். அவர்கள் காட்டிய இடத்தில் மறுபடி சோதித்தேன். சனிக்கிழமை மாலை தெரிந்துவிட்டது, மாற்றம் இருந்தது. உடனே அந்த அம்மாவுக்குச் சிகிச்சை தரும் டாக்டருக்கு போன் போட்டு கீமோவை நிறுத்தச் சொன்னேன்.

சில வாரம் கழித்து அந்த அம்மாவின் கணவர், ஆவடியில் தொழிற்சாலை ஊழியர், கேக் பெட்டியோடு வந்தார்.

“மாதாவே உங்கள அனுப்புன மாதிரி கீது சார்! மாத்திரையிலயே தேறிட்டா, இப்ப ஊட்டுல அவளே சமைக்கிறா.”

பெட்டியை வாங்க என் கை நீண்டதை ஒப்புக்கொள்கிறேன். பிறகுதான் வெட்கம் வந்தது.

“நான் தப்பா சொல்லிட்டேங்க. சரியா கண்டுபுடிச்சது அம்பத்தூர் காலேஜ் மேடம்.”

திட்டுவார் என்று நின்றேன். அவர் பெட்டியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அம்பத்தூர்ல எந்த இடம் சார்?”

ஒரு தாளில் வழி வரைந்து கொடுத்தேன். கல்லூரி இருக்கும் இடத்தில் மறக்காமல் பேனாவால் வட்டம் போட்டேன்.