லோர்னா நாக்குப் புண்ணோடு விட்ட ஏலம்

எங்கள் நெப்ராஸ்காப் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் ஏலம் விடுகிற பெண் ஒருத்திதான், லோர்னா வாவ்ரா. அவள் முதன்முதலில் மைக்கைப் பிடித்தபோது, "இதென்ன, பொம்பளைங்க கேக் சுடுற போட்டியா?" என்று சிரித்தவர்கள் இன்றைக்கு அவள் எதிரில் தொப்பியோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். விலையைப் பாட்டாக உருட்டுகிற வேகத்தில் அவள் எங்கே மூச்சு விடுகிறாள் என்றே தெரியாது. எடுத்த ஏலத்தை நடுவில் யாரிடமும் கொடுத்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ள அவளுக்குக் கூச்சமும் இல்லை, இருக்கவும் வேண்டாம்.

அப்பேர்ப்பட்டவளுக்கு இலையுதிர்காலம் வந்தால் வாய்ப்புண் வந்துவிடும். கன்றுகள் சந்தையில் குவிகிற காலம். தூக்கம் கிடையாது, நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. சிகரெட்டை விட்டதிலிருந்து வண்டி ஓட்டும்போதெல்லாம் உப்புப் போட்ட சூரியகாந்தி விதையைத் தோலோடு கடித்துத் துப்புகிற பழக்கம் வேறு. தோல் கீறிய இடத்தில் உப்பு ஏறினால் புண் வராமல் என்ன செய்யும்?

இந்தத் தடவை சரியாக நாக்கு நுனியில் வந்தது, அதுவும் ஆக்னெஸ் போஹாச்சின் மந்தை விற்பனைக்கு வரும் சமயத்தில். கணவரைப் பறிகொடுத்த ஆக்னெஸால் தனியாக மாடுகளைப் பார்க்க முடியவில்லை. சந்தைக்கு நேரில் வந்து சொன்னாள்: "என் மாடுங்களை லோர்னாதான் விக்கணும். கிளீட்டஸ்கிட்ட விட்டா மூட்டை தள்ளுற மாதிரி தள்ளிருவான்." கிளீட்டஸ் அங்கே இன்னொரு ஏலக்காரர்.

லோர்னாவின் கணவன் ட்வெய்ன் ஊதா நிற மருந்தோடு சமையலறைக்குள் வந்தான்.

"ஆ காட்டு. மாட்டுக் காயத்துக்கு அடிக்கிறது. சட்டுன்னு ஆறிடும்."

"நான் என்ன உன் தொழுவத்துலயா நிக்கிறேன்? எடுத்துட்டுப் போ அதை!"

"சரி, அப்ப பேசாமலாவது இரு. புண்ணும் ஆறும், எனக்கும் நிம்மதி."

"அதுக்குத்தானே நீ காத்துக்கிட்டு இருக்கே!"

சாப்பிட்டபின் வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பும் சமையல் சோடாவும் கலந்து கொப்பளித்துத் துப்பினாள். எரிச்சல் தாங்காதபோது ஐஸ் துண்டை வாயில் வைத்துக்கொண்டாள். தக்காளி சூப், ஆரஞ்சு ஜூஸ், கொதிக்கிற காபி எல்லாவற்றுக்கும் முழுக்கு. ஆறிய ஓட்ஸும் தயிரும்தான் சாப்பாடு. விதைப் பாக்கெட்டை ட்வெய்ன் குப்பையில் போட்டான்.

"ரெண்டு வாரத்துல ஆறலன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருவேன், பாத்துக்க" என்றான். புண் சுருங்கத்தான் செய்தது. ஆனால் அது முழுக்க ஆறுவதற்குள் ஏல நாள் வந்துவிட்டது.

முதல் பசு மேடைக்கு எதிரே மாடுகளை விட்டுக் காட்டுகிற கம்பி வளையத்துக்குள் வந்தது. லோர்னா வழக்கமான வேகத்தில் தொடங்கினாள். நாக்கு பல்லில் பட்டுச் சுரீரென்றது. பாட்டு அறுந்தது. பக்கத்திலிருந்த கிளீட்டஸ் கையை நீட்டினார்.

"மைக்கைக் குடும்மா. ஏன் கெடந்து கஷ்டப்படுறே?"

முன்வரிசையில் ஆக்னெஸ் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். அதை லோர்னா பார்த்துவிட்டாள்.

"நாக்குல புண்ணு" என்றாள் மைக்கிலேயே. தன் பலவீனத்தை ஊரறியச் சொல்வது அவளுக்குப் புண்ணைவிட வலித்தது. "இன்னைக்குப் பாட்டு கிடையாது. ஒரு தடவைதான் கேப்பேன். இஷ்டம்னா வாங்குங்க."

எங்கள் ஆட்கள் ஏலம் கேட்பது பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடத் தெரியாது. புருவம் அசையும், விரல் தொப்பியைத் தொடும், அவ்வளவுதான். அதிலும் மெர்ல் குச்சேரா மகா கள்ளன், கண்ணை மூடித் திறந்தே மாடு வாங்கிவிடுவார். அந்த மெர்ல்தான் முதலில் கையைத் தலைக்கு மேலே தூக்கினார், பள்ளிக்கூடப் பிள்ளை போல.

"என்னய்யா, தோள்பட்டை புடிச்சுக்கிச்சா?" என்று யாரோ சீண்டினார்கள்.

"வாயை மூடு. அந்தம்மா ரெண்டாவது தடவை கேக்கணுமா?"

அதன் பிறகு கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. மந்தை முழுவதும் விற்று முடிகிற வரை ஒருவரும் புருவத்தை அசைக்கவில்லை. அந்த மனிதர்களை நினைத்து லோர்னாவுக்கு நெஞ்சு விம்மியது. தன்னை நினைத்தும்தான்.

எல்லாம் முடிந்ததும் ஆக்னெஸ் மேடைக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பவும் யாரு வாங்கினாங்கன்னே தெரியாது, லோர்னா. இன்னைக்கு என் பசு ஒவ்வொண்ணும் யார் வீட்டுக்குப் போகுதுன்னு என் கண்ணால பாத்துட்டேன்."