குதிரைக்காரனை வீட்டுக்கு வரவழைத்த பாட்டு

ஆவடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஷீட் போட்ட ஓர் அறை உண்டு. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தன் கூட்டாளிகளோடு மெட்டல் பாட்டுப் பாடுவது அங்கேதான். பாடுவது என்பது மரியாதைக்குச் சொல்வது. கத்துவார். சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். சத்தம் என்னவோ தெருக்கோடி வரை போனது. எதிர்வீட்டு அக்கா மட்டும் அட்டைகளைப் பார்த்துவிட்டு, முட்டை மொத்த விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டு வந்தாள்.

அம்மாவுக்கு அந்த இரைச்சல் பழகிவிட்டது. மாமா இங்கிலீஷில் உறுமுவதால் ஒரு சொல்லும் அவளுக்குப் பிடிபடாது. எனக்கு எல்லாம் தெரியும். தடித்தடியான மாயாஜால நாவல்களைப் படித்துவிட்டுத்தான் மாமா பாட்டே எழுதுவார். பட்டறை வேலை முடிந்து வந்ததும் டீயில் பன்னை நனைத்துத் தின்றுகொண்டே எனக்குக் கதை சொல்வார். பனிமலையில் ஒரு டிராகன். ஊரைக் காப்பாற்றக் குதிரையேறிப் போகிறான் ஒருவன். டிராகனைக் கொன்றுவிட்டுத் தானும் செத்துப்போகிறான். குதிரை மட்டும் தனியாகத் திரும்பி வருகிறது.

"அந்த எடத்துலதான் கண்ணு, கிட்டாரு அழுவும்" என்பார்.

அப்பா அப்போது துணை ராணுவத்தில், வடக்கே ஏதோ மலையில் டூட்டி. டவர் கிடைக்காத இடம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது போன் வந்துவிடும். அந்தச் சமயம் வாரக்கணக்கில் வரவில்லை. அப்பாவுக்கு வேலை ஜாஸ்தி என்றாள் அம்மா. நானும் சரி என்று விளையாடப் போய்விட்டேன்.

ஒரு சாயங்காலம் அவள் விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது மேலே கிட்டார் அழுதது. பாவம், அம்மாவுக்கும் கதை தெரியட்டுமே என்று, "அம்மா, குதிரை மேல போனவரு மலையிலயே செத்துட்டாரு" என்றேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் சாவுப் பேச்சு எடுத்தால் எங்கள் வீட்டில் வாயிலேயே போடுவார்கள். எனக்கு அடி விழவில்லை. அம்மா விறுவிறுவென்று மாடியேறினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"டேய், மலைக்குப் போனவன் இன்னாடா ஆனான்?"

மாமா மைக்கைக் கீழே இறக்கினார். டிரம்ஸ் அடிக்கிற அண்ணன்தான் வாயைத் திறந்தார். "புக்குலயே அவன் செத்துப்பூட்றான்க்கா. நாங்க இன்னா பண்றது?"

"பாட்டு நீங்கதானே எழுதறீங்கோ? அவன் ஊட்டுக்கு வந்தாவணும். இல்லன்னா நாளைக்கே ரூமைக் காலி பண்ணுங்க."

"அப்புறம் அது மெட்டலே இல்லக்கா…" என்று இழுத்தவரின் தொடையில் மாமா ஒரு தட்டு தட்டினார். மாமா தன் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வர வெச்சிடறேன்க்கா" என்றார். குரல் கம்மியிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் தினமும் அம்மா விளக்கேற்றிவிட்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள். பாட்டு முடிந்ததும், "வந்துட்டானா?" என்று என்னைக் கேட்பாள். "வந்துட்டாரும்மா" என்பேன். கேட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள். எங்கம்மாவுக்கும் மெட்டல் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் அப்பா ஆட்டோவிலிருந்து இறங்கினார். கறுத்து, இளைத்து, ஒரு கையில் கட்டோடு. அம்மா வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுது முடித்துவிட்டு மாமாவை வஞ்சிரம் வாங்கிவர விரட்டினாள். எனக்கும் அன்று பள்ளிக்கூடம் கிடையாது.

சாயங்காலம் மேலே கிட்டார் பழையபடி அழுதது. ஓடிப்போய்க் கேட்டால், "அவன் செத்தாத்தான் கண்ணு பாட்டு நிக்குது" என்கிறார் மாமா, வெட்கமே இல்லாமல்! நான் கீழே ஓடினேன்.

"அம்மா, அவரை மறுபடியும் சாவடிச்சிட்டாங்கம்மா!"

அம்மா அப்போதுதான் விளக்கேற்றிவிட்டு வந்து, அப்பா தட்டில் இன்னொரு பஜ்ஜி வைத்துக்கொண்டிருந்தாள். "செத்தா சாவட்டும் போடி, பாட்டுதானே" என்றாள் சிரித்துக்கொண்டே.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அவனுக்காகத் தினம் படியில் காத்துக் கிடந்தவள் இவள்தானா? இவ்வளவு கல்நெஞ்சுக்காரியா என் அம்மா? அந்தக் குதிரைக்காரனுக்காக அன்று எங்கள் வீட்டில் அழுதது நான் ஒருத்திதான்.