மிட்சுயோ பாடிய அரை வரி

ஜப்பானின் யாயிசுத் துறைமுகத்து மீன் ஆலையில் முப்பத்தோரு வருஷம் சூரை நறுக்கியவள் மிட்சுயோ. இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தித்தான் குரல் கரகரத்துப் போனது என்று எல்லோரும் நினைத்தோம். பார்த்தால் புற்று. செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை, குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள். அதற்கு முந்தின ஞாயிறு, சமூகக் கூடத்தில், குட்டி கிட்டார் மாதிரியான உகுலேலேயை வாசிக்கும் அவளுடைய குழுவின் ஆண்டு விழா.

அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. கப்பலேறிப் போனவனை நினைத்து ஒருத்தி உருகும் அந்தப் பழைய சினிமாப் பாட்டை, நாலு தந்திகளை மீட்டிக்கொண்டு, தன் குரலில் முழுசாகப் பாட வேண்டும். கணவர் கன்ஜி அதைக் கைபேசியில் பதிந்து வைக்க வேண்டும். தொண்டை ஒரு பாட்டுக்குத் தாங்கும், அதற்கு மேல் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மூன்று வாரமாகப் பேச்சைக்கூடக் குறைத்துக்கொண்டாள்.

“வீட்லயே பாடிடேன், நான் எடுத்துக்கறேன்” என்றார் கன்ஜி.

“அடுப்படியில பாடினா அது முனகல்ங்க. நாலு பேர் முன்னாடி பாடினாத்தான் பாட்டு.”

“அப்ப ஹிசாகோகிட்டயாவது ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லு. குழுத் தலைவியாச்சே.”

“எதுக்கு? கேட்டா யாருக்கும் சோறு இறங்காது. சளின்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்களும் வாயைத் திறக்காதீங்க!”

எங்கள் ஊர்க்காரர்களைப் பிடித்த சனியன் இது. உயிரே போனாலும் அடுத்தவர் மனசு சங்கடப்படக் கூடாது. சாகக் கிடந்தாலும், தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் சாவோம்.

ஞாயிறு மதியம் கூடத்தில் எண்பது பேர் இருந்தார்கள். பூப்போட்ட சட்டையில் மிட்சுயோ முன்னால் வந்து நின்றாள். முதல் வரியின் பாதி வரை நன்றாகவே வந்தது. அங்கே குரல் உடைந்தது. உடைந்தால் என்ன, உடைந்த குரலோடு பாடி முடிக்கத்தான் அவள் வந்திருந்தாள். ஆனால் பின்னால் நின்ற ஹிசாகோவுக்கு மனசு கேட்கவில்லை. ஐயோ, அக்காவுக்கு அவமானமாகிவிடுமே என்று தானும் பாட ஆரம்பித்தாள். குழுவே சேர்ந்துகொண்டது. தெரிந்த பாட்டாயிற்றே, கூடமும் கைதட்டிப் பாடியது. வேண்டாம் என்று மிட்சுயோ தலையை ஆட்டினாள். தாளம் போடுகிறாள் என்று நினைத்து இன்னும் சத்தமாகப் பாடினார்கள். அவளும் கடைசி வரி வரை பாடினாள். அது அவள் காதுக்கே கேட்கவில்லை.

“பயந்துட்டீங்களாக்கா? நாங்க எதுக்கு இருக்கோம்! சளி பிடிச்ச தொண்டையை எப்படிக் காப்பாத்தினோம் பார்த்தீங்களா?” என்று ஹிசாகோ சிரித்தாள்.

மிட்சுயோ மூன்று தடவை குனிந்து வணங்கினாள். “உங்களுக்கெல்லாம் சிரமம் கொடுத்துட்டேன்.” கன்ஜி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து அடக்கினாள்.

வீட்டுக்கு வந்து பதிவைப் போட்டுக் கேட்டார்கள். அரை வரி இருந்தது. அப்புறம் ஊரே இருந்தது.

“இன்னொரு தடவை பாடு. மெதுவாப் பாடினாப் போதும்” என்று கன்ஜி கெஞ்சினார். அவள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றாள். அப்போதும் காற்றுதான்.

“எல்லாரும் நல்லாப் பாடியிருக்காங்க” என்றாள், பாதி மூச்சில்.

“நல்லாவா? மண்ணாங்கட்டி! உன் குரல் எங்கடி அதுல?”

அவள் உகுலேலேயை உறையில் போட்டு மூடினாள். திங்கட்கிழமை அவளுக்குப் பேச்சே வரவில்லை. செவ்வாய் காலை எட்டரைக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். கன்ஜி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்த அரை வரியைப் போட்டார், நிறுத்தினார், மறுபடி முதலிலிருந்து போட்டார்.