என் கையால் எடுத்த பெயர்கள்

தனியார் பள்ளிகள் நான்கில் ஒரு பங்கு இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்பது சட்டம். வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல். இதையெல்லாம் இன்று எங்கள் தெருவில் விவரம் கேட்பவர்களுக்கு நான்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். என் பெயர் குலுக்கலுக்குப் போன அன்று எனக்கு ஐந்து வயது. என் பெயரை எழுதினால் எப்படியிருக்கும் என்றுகூடத் தெரியாது.

திருப்போரூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் அந்தப் பள்ளி. நான் அங்கே சேரப்போவதாக அம்மா குழாயடியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தாள். குலுக்கலன்று அப்பாவும் லோடு ஆட்டோவை ஓட்டாமல் எங்களோடு வந்தார்.

யாராவது ஒரு குழந்தை வந்து பெட்டியிலிருந்து சீட்டு எடுக்கட்டும் என்றார் குலுக்கல் நடத்த வந்த அதிகாரி. அம்மா என்னை முன்னால் தள்ளினாள்.

"எம்பொண்ணு எடுக்கட்டும் சார். கைராசிக்காரி."

அத்தை தெருவில் நடத்திய மாதச் சீட்டில் பெயர் எடுப்பது நான்தான். அந்தத் தைரியம் அம்மாவுக்கு.

பின்னால் ஒருவர் எழுந்தார். "இன்னா சார் இது, அவ பேரும் பொட்டில கீது. அவளே எடுத்தா எப்டி?"

"குழந்தைக்குப் படிக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"எங்க வூட்ல யாருக்குமே தெரியாது சார்."

கூட்டம் சிரித்தது. அந்தத் தகுதியில் நான் தேர்வானேன்.

ஒவ்வொரு சீட்டாக எடுத்துக் கொடுத்தேன். அவர் பெயரை வாசிக்க, எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். திடீரென்று, "போதும்மா, போய் உக்காரு" என்றார்.

"இன்னும் கீதே சார்" என்று பெட்டியைக் காட்டினேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வழியில் அம்மா எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். "கைராசி கைராசின்னு சொல்லிகினு இருந்தியே" என்று அப்பா குத்தியபோது இன்னும் வேகமாக நடந்தாள். அத்தனை பேர் கைதட்டியும் அவள் ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று எனக்கு வருத்தம். ஆனாலும் நானே சமாதானம் சொன்னேன்.

"வுடும்மா. அடுத்த மாசம் நம்ம பேரு வந்துடும்."

அத்தையின் சீட்டில் அப்படித்தான். இந்த மாதம் வராத பெயர் இன்னொரு மாதம் வரும். கடைசியில் டப்பா காலியாகும், யாரும் விடுபட மாட்டார்கள். பெயர்களை மிச்சம் வைத்துவிட்டு முடிந்துபோகும் குலுக்கலும் உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது.