சுவரோரம் நான் பிடித்த பலகை

எங்கள் ரேஸ் காருக்கு நான்தான் பலகை பிடிக்கிறவன். அது என்ன வேலை என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பந்தயப் பாதையை ஒட்டி இடுப்பளவுக்கு ஒரு சுவர் இருக்கும். கார் ஒவ்வொரு முறை சுற்றி வரும்போதும் அந்தச் சுவருக்கு மேலே ஒரு பலகையை நீட்ட வேண்டும். ஓட்டுகிறவர் அதைப் பார்த்து நடந்துகொள்வார். பெரிய அணிக்காரர்களுக்குக் காதுக்குள்ளேயே ரேடியோ உண்டு. எங்களுக்குப் பலகை மட்டும்தான்.

அந்தச் சுவரில் நீட்டுகிற பலகைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். எங்களுடையது தமிழில். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவசரத்தில் ஆங்கில எழுத்தைத் தலைகீழாகச் செருகிவிடுவேன். அதனால் எங்கள் பெயின்டர், ஆதம்பாக்கத்துக்காரர், மூன்று தகரத் தகடுகளில் பட்டையாக எழுதிக் கொடுத்தார். ‘ஓடு’, ‘நிதானம்’, ‘வா’. ‘வா’ என்றால் பந்தயத்தை விட்டுவிட்டு உள்ளே வந்துவிடு என்று அர்த்தம்.

முதல் முறை அதை வெளியே எடுத்தபோது பக்கத்துக் கூடாரத்து மேனேஜர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

“என்ன பாஸ், மெஸ் போர்டு மாதிரி இருக்கு? இன்னிக்கு என்ன ஸ்பெஷல், வத்தக்குழம்பா?”

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். எனக்குப் பேச்சு வராது. தெரியாதவர் எதிரே வந்தாலே குனிந்து எதையாவது தேடுவதுபோல் நிற்பேன். அன்றைக்கும் குனிந்துகொண்டேன். ஆனால் பலகையை மாற்றவில்லை.

எங்கள் பட்டறை தேனாம்பேட்டையில், அண்ணா சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. முதலாளி தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. நான் அங்கே டிங்கர். நசுங்கிய கதவு, பானெட் எல்லாம் தட்டி நேராக்குவது என் வேலை. ஓட்டுகிற பெண் பட்டினப்பாக்கத்தில் மீன்கடை வைத்திருக்கும் அம்மாவின் மகள். விடியற்காலையில் மீன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவள். வண்டியைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தபோது, எங்கள் குறுகிய சந்துக்குள் பின்பக்கமாகவே முழு வேகத்தில் வந்து, சுவரில் உரசாமல் நிறுத்தினாள். அண்ணாச்சி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். தனக்காகக் கட்டி வைத்திருந்த ரேஸ் காரின் சாவியை அடுத்த மாதமே அவளிடம் கொடுத்துவிட்டார்.

நான் சொல்ல வந்தது இந்த வருடப் போட்டித் தொடரின் இரண்டாவது சுற்று நடந்த சனி, ஞாயிறு பற்றி. முதல் சுற்றில் எங்கள் வண்டி பாதியிலேயே நின்றுபோயிருந்தது. இந்தச் சுற்றிலும் ஒரு பந்தயத்தைக்கூட முடிக்காவிட்டால் இந்த வருடம் எங்களை மேற்கொண்டு சேர்க்க மாட்டார்கள். விதி அப்படி. ஜெயிக்க வேண்டும் என்பதில்லை. கடைசிக் கொடி விழும்போது வண்டி ஓடிக்கொண்டிருந்தால் போதும். சனிக்கிழமை ஒரு பந்தயம், ஞாயிற்றுக்கிழமை ஒன்று.

சனிக்கிழமைப் பந்தயத்தை நாங்களே கெடுத்துக்கொண்டோம். வண்டி கிளம்பும் முன் திருஷ்டி சுற்ற வேண்டும் என்று அவளுடைய அம்மா பூசணிக்காய் கொண்டுவந்திருந்தார். எங்கள் யாருக்கும் அதில் ஒரு தப்பும் தோன்றவில்லை. பட்டறையில் வெளியே போகிற ஒவ்வொரு வண்டிக்கும் செய்கிறோமே. பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றி, வண்டிக்கு முன்னால் நின்று அம்மா சுற்ற ஆரம்பித்தார். அவருக்குக் கையெட்டும் தூரத்தில் பெட்ரோல் கேன்கள்.

எங்கிருந்தோ ஓடிவந்த அதிகாரி ஒருவர், தீயணைக்கும் சிலிண்டரைத் திறந்து பூசணிக்காய்மேல் பீய்ச்சிவிட்டார். அம்மாவின் முகம், முந்தானை எல்லாம் வெள்ளைப் பொடி.

“சாமிக்கு ஏத்துன கற்பூரத்த இப்டி அணைக்கிறியே, நீ இன்னா மனுசன்யா?”

“அம்மா, பக்கத்துல பெட்ரோல் இருக்கும்மா! மொத்தப் பேரும் போயிருப்போம்!”

“எத்தினி வண்டிக்கு சுத்திக்கீறேன், எது வெடிச்சிது?”

அந்த அதிகாரி சொன்னது நியாயம்தான். தண்டனையாக சனிக்கிழமைப் பந்தயத்திலிருந்து எங்களை நீக்கினார்கள். பக்கத்துக் கூடாரத்து மேனேஜர் வாசலில் நின்றபடி, “பொங்கலும் இங்கயே வச்சிடுங்க பாஸ்” என்றார். அண்ணாச்சி கேன்களைத் தூக்கிக் கூடாரத்தின் மறுகோடியில் வைத்தார். பந்தயம் போய்விட்ட பிறகு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஆக, எங்களுக்கு மிச்சம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

முதல் வளைவிலேயே பின்னால் வந்த வண்டி ஒன்று இடித்தது. எங்கள் வண்டி சுழன்று மணலுக்குள் போய் நின்றது. நான் சுவரில் பலகையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். புழுதி அடங்கியதும் வண்டி மெல்ல அசைந்து, பாதைக்கு ஏறியது. பின்பக்க பம்பர் மணலிலேயே கிடந்தது. எங்களைத் தாண்டிப் போனபோது என்ஜின் கத்திய கத்தலைக் கேட்டதும் அண்ணாச்சி தலையில் கை வைத்தார்.

“மூணாம் கியருக்கு மேல விழலடே.”

அதன் பிறகு நேர்ப்பாதையில் எல்லா வண்டிகளும் அவளைத் தாண்டிப் போயின. கொஞ்ச நேரத்தில் முதலாவதாக வந்த வண்டியே ஒரு முழுச் சுற்று முன்னேறி அவள் பின்னால் வந்துவிட்டது. அது பக்கத்துக் கூடாரத்து வண்டி. அதை ஒட்டிக்கொண்டே இரண்டாவது வண்டி. இப்படி வேகமான வண்டி வரும்போது பாதையோரம் நிற்பவர்கள் நீலக் கொடி காட்டுவார்கள். மெதுவாகப் போகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். அவள் ஒதுங்கினாள். ஒவ்வொரு முறையும் ஒதுங்கினாள்.

மேனேஜர் அண்ணாச்சியிடம் வந்தார்.

“பாஸ், எதுக்கு இந்த வீம்பு? உள்ள கூப்பிட்டுக்கோங்க. எங்க பையன் சாம்பியன்ஷிப்புக்கு ஓட்றான். உங்க வண்டியை ஒவ்வொரு தடவையும் தாண்ட வேண்டியிருக்கு.”

“முடிக்கலேன்னா நம்மள அடுத்த ரவுண்டுல சேக்க மாட்டாவல்லா சார்?”

“அத நான் பாத்துக்கறேன். எல்லாரும் தெரிஞ்சவங்கதான். நான் ஒரு வார்த்தை சொன்னா சேத்துப்பாங்க. கியர்பாக்ஸாவது மிஞ்சும் இல்ல?”

அண்ணாச்சி யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அந்த கியர்பாக்ஸ் ஒரு பிள்ளை மாதிரி. அதோடு அவள் எங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்த கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அவர் மானஸ்தர்.

அடையாற்றங்கரையில் எங்கள் வீடுகளை இடித்து அகற்ற வந்தபோதும் ஒருவர் இப்படித்தான் பேசினார். நல்ல சட்டை, மெதுவான குரல். ‘இப்போ கிளம்பிடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன், இங்கயே பக்கத்துல இடம் வாங்கித் தர்றேன்’ என்றார். நாங்கள் அவர் சொல்லை நம்பி மூட்டை கட்டினோம். இப்போது ஊருக்கு வெளியே இருந்து தினமும் இரண்டு பஸ் மாறி தேனாம்பேட்டைக்கு வேலைக்கு வருகிறேன். அந்த மனிதரை அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை. நாம் இருக்கிற இடத்தை விட்டு எழுந்தபின் நமக்காக யாரும் பேச மாட்டார்கள். மேனேஜர் பேசப் பேச என் காது சூடேறியது.

“‘வா’ போடுடே” என்றார் அண்ணாச்சி.

என் கையில் ‘ஓடு’ இருந்தது. ‘வா’ தகடு என் காலடியில் தரையில் கிடந்தது. நான் அசையவில்லை.

“காது கேக்கலையா? ‘வா’ போடுடேங்கேன்.”

பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் சொல்லை நான் தட்டியதில்லை. வேறு யார் சொல்லையும்கூடத் தட்டியதில்லை. அவர் குனிந்து தகட்டை எடுக்கப் போனார். நான் அதன்மேல் காலை வைத்து ஏறி நின்றுகொண்டேன்.

“காலை எடுடே.”

எடுக்கவில்லை. தகடு சின்னதுதான். அவர் விளிம்பைப் பிடித்து இழுத்தார். நான் இன்னொரு காலையும் வைத்துக்கொண்டேன். அதற்குள் அவள் வந்துவிட்டாள். இரண்டு கையாலும் ‘ஓடு’வை உயர்த்திச் சுவருக்கு மேல் நீட்டினேன். அலறிக்கொண்டே போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அம்மாவின் குரல் கேட்டது.

“அப்டியே நில்லு நைனா! எறங்காத!”

மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது.

“யாருங்க இந்த ஆளு? பலகை புடிக்கிறவன் பேச்சைப் போய்க் கேட்டுக்கிட்டு?”

“அவன் எங்க சார் பேசுனான்?” என்றார் அண்ணாச்சி. பிறகு நிமிர்ந்தார். முகம் வேறாக இருந்தது. “எங்க ஆளு அவன். நீங்க உங்க வண்டியப் பாருங்க.”

மேனேஜர் போய்விட்டார். அண்ணாச்சி ஒரு காலி டிரம்மின்மேல் என்னைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவர் என் பக்கம் வந்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. இன்னொருவன் முன்னால் என்னை விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அதனால் தகட்டிலிருந்து இறங்காமலே நின்றேன். ஒருவேளை வண்டி நின்றுபோனால், அண்ணாச்சியின் கியர்பாக்ஸும் போய், அடுத்த சுற்றும் போய், எல்லாம் என் தலையில்தான் விழும். அது தெரிந்தேதான் நின்றேன். ஒவ்வொரு முறை அவள் சத்தம் கேட்டதும் ‘ஓடு’ என்று நீட்டினேன். எதிர்ப்புறக் கூட்டத்தில் யாரோ அதைப் படித்துவிட்டு “ஓடு! ஓடு!” என்று கத்த, பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். கேலியாகத்தான் தொடங்கினார்கள். பிறகு அது கேலி மாதிரி கேட்கவில்லை.

கட்டம் போட்ட கொடி ஆட்டப்பட்டது. எல்லாரும் வந்து முடித்த பிறகு, பாதை காலியாகிவிட்ட பிறகு, எங்கள் வண்டி வந்தது. கொடிக்காரர் கையை இறக்காமல் காத்திருந்து அவளுக்கும் ஆட்டினார். கோட்டைத் தாண்டி அடுத்த வளைவுக்குள் நுழைந்ததும் வண்டி நின்றது. கியர்பாக்ஸ் போய்விட்டது.

கட்டி இழுத்துக்கொண்டு வந்து கூடாரத்து வாசலில் விட்டார்கள். அவள் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் கொதித்துச் சிவந்திருந்தது.

“ண்ணா, ‘வா’ன்னு காட்டிடுவியோன்னு பயந்துகினே வந்தேன். காட்டிருந்தாலும் கண்ணு தெர்லன்னு போயிருப்பேன்.”

மேனேஜர் அந்தப் பக்கமாகப் போனார். அவருடைய பையன் இரண்டாவதாக வந்திருந்தான்.

“வாழ்த்துக்கள்மா. கடைசி இடம்.”

“முட்ச்சேன்ல சார்? உங்க பையன் பின்னாடியே வந்துகினு ஒரு வாட்டிகூட ஹாரன் அடிக்கல. நல்ல புள்ள.”

அம்மா வெடித்துச் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, எண்ணெய்க் கையோடு எழுந்து என் எதிரே வந்து நின்றார்.

“‘வா’ போடுன்னு சொன்னேன்லா? கியர்ப் பல்லு பூராவும் போச்சு. அடுத்த ரவுண்டுக்குப் பலகைக்கு வேற ஆளப் பாக்கப் போறேன்.”

அடுத்த ரவுண்டு என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. தலையைக் குனியாமல் சொன்னேன்.

“நான்தான் புடிப்பேன் அண்ணாச்சி.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தார். பட்டறையில் யாரும் என் குரலை அவ்வளவு உரக்கக் கேட்டதில்லை.

“அப்படியா?” என்றார் அண்ணாச்சி. “அப்போ நாளைக்குக் காலையில இந்தக் கியர்ப் பொட்டிய எறக்குததும் நீதாம்டே.”

“எறக்கறேன்” என்றேன்.