மேரி துடைக்காத கண்ணாடி

ஏரியில் இறங்கியதும் மேரி செய்கிற முதல் வேலை, வாயை மூடிக்கொள்வது. பனையோலையில் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பற்களுக்கிடையே கடித்துக்கொள்வாள். தொடையளவுத் தண்ணீரில் குந்தினால் நீர் மார்புக்கு வரும். இரண்டு கைகளும் சேற்றைத் தடவிக்கொண்டே போகும். விரலில் இறால் இடறினால் அமுக்கிப் பிடித்து, கழுத்தடியில் தொங்கும் பறிக்குள் போட வேண்டும். பேசினால் கயிறு நழுவிவிடும். பிடித்ததெல்லாம் தண்ணீரோடு போய்விடும். அதனால் கோட்டைக்குப்பத்தில் கையால் இறால் பிடிக்கிற பெண்கள் ஏரிக்குள் இருக்கும்வரை ஊமைகள்.

கரையேறிய பிறகு மேரியின் கதையே வேறு. அத்தனை நேரம் அடைபட்டுக் கிடந்த பேச்சு மொத்தமும் வீட்டுக்கு வந்ததும் கொட்டும். அது கொட்டுகிற இடமும் ஒன்றுதான். அவள் கணவன் பெலிக்ஸின் தலை.

"நான் துன்னு முடிக்கிற வரைக்கும் அந்தப் பறிய வாயிலேயே வெச்சுக்கோயேன், உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று அவன் கும்பிடுவான். அவள் இன்னும் கொஞ்சம் கொட்டுவாள். அவன் சிரிப்பான். அந்த வீட்டில் அன்பு என்பதற்கு இருந்த சத்தம் அதுதான்.

அந்த முகம் பார்க்கும் கண்ணாடியை அவன் வாங்கி வந்தது, கல்யாணமான முதல் வருஷம், கோயில் திருவிழாக் கடையில். மர ஃபிரேம் போட்ட பெரிய கண்ணாடி. அன்று அவன் தன் படகுக்கு நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, பெயின்ட் கையோடு ஓடி வந்து, பின்பக்கத் தாழ்வாரத்தில், கைகால் கழுவுகிற இடத்துக்கு மேலே ஆணியடித்து மாட்டினான். தள்ளி நின்று பார்த்தான். கண்ணாடியில் நீலமாக ஒரு கட்டைவிரல்!

"யோவ், இன்னாயா இது? புதுக் கண்ணாடில கைநாட்டு வெச்சுக்கீற? உனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே!"

"கத்தாதடி. மண்ணெண்ணெ போட்டுத் தொடச்சிடறேன்."

சாயங்காலம் அவள் ஏரியிலிருந்து வந்தபோது நீலத்தைக் காணவில்லை. துடைத்துவிட்டேன் என்றான். அவள் திட்டுவதற்கு வேறு காரணம் தேடிக்கொண்டாள்.

காரணத்துக்கா பஞ்சம்? விடியற்காலையில் கடலிலிருந்து வந்ததும் பெலிக்ஸ் அந்தக் கண்ணாடியின் முன்னால் நின்று முகம் கழுவுவான். கழுவி முடித்ததும் ஈரத்தலையை இரண்டு பக்கமும் வேகமாக உதறுவான். கண்ணாடி முழுக்கத் துளித் துளியாகத் தெறிக்கும். "நாய் கூட இப்டி ஒதறாதுயா" என்று திட்டிக்கொண்டே மேரி முந்தானையால் துடைப்பாள். வருஷக்கணக்காக, மாறாமல், அதே உதறல், அதே திட்டு.

ஓர் ஐப்பசி மாதத்து விடியலில் வாடைக் காற்று திடீரென்று எழும்பியது. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் அலை மடக்கி அடித்ததில் நீலப் படகு கவிழ்ந்தது. படகு பலகை பலகையாகக் கரை ஒதுங்கியது. பெலிக்ஸ் கடைசியாக ஒதுங்கினான்.

அன்றிலிருந்து மேரி ஏரியை விட்டுக் கரையேறிய பிறகும் பேசுவதில்லை. பறியைப் பல்லிலிருந்து எடுப்பாள். பேச்சு மட்டும் வெளியே வராது. இருந்த ஒரே மகள் ஜெனிஃபரிடம்கூட "துன்னியா", "படுத்துக்கோ" என்று இரண்டு வார்த்தை. அவ்வளவுதான். திட்டுவதற்கு ஆளில்லாத வீட்டில் வார்த்தைகளை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

கண்ணாடியைத் துடைப்பதையும் நிறுத்திவிட்டாள். அதில் வெள்ளை வெள்ளையாகத் துளிக்கறைகள் காய்ந்து நின்றன. மாதங்கள் போகப் போகக் கறை கனத்தது. சுண்ணாம்பு தெளித்ததுபோல் ஆனது. கடைசியில் பார்க்கிறவர்களின் முகமே தெரியவில்லை. மேரி தினமும் அதன் முன்னால் நின்றுதான் முகம் கழுவினாள். அவளுக்கு அந்தக் கண்ணாடியில் தெரிய வேண்டிய முகம் அவளுடையது அல்லவே!

ஜெனிஃபர் வளர்ந்தாள். பொன்னேரியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போனாள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஜான்சனுக்கு அவளை நிச்சயம் செய்தார்கள். கல்யாணம் நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தவள் அந்தக் கண்ணாடியின் முன்னால் நின்றாள்.

"ம்மா, இத்த தொடச்சிரலாமா?"

மகள் ஏன் கேட்கிறாள் என்று மேரிக்குத் தெரியும். பெலிக்ஸின் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. கோயிலுக்குப் புறப்படுமுன் மணப்பெண் வீட்டுக் கண்ணாடியின் முன்னால் நிற்பாள். பின்னால் அப்பா நின்று தலையில் முக்காட்டைப் போடுவார். இருவரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொள்ளக் கூடாது. பார்த்தால் அழுகை வந்துவிடும். கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு விடைபெற வேண்டும்.

"நைனா இல்ல. நீதான் பின்னால நிக்கணும்னு ஆசை. இதுல பாத்தா உன் மூஞ்சியும் தெரியல, என் மூஞ்சியும் தெரியல. கடைலேந்து வேற கண்ணாடி வாங்கி மாட்டிக்கலாம்தான். ஆனா அது நைனா மாட்டுனது ஆவுமா?"

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே பக்கத்து வீட்டு முனியம்மாள் உள்ளே வந்தாள். மீன் விற்கிறவள். குரலைத் தாழ்த்தத் தெரியாதவள்.

"தே, இதுக்கா இம்மாம் பேச்சு? கிளிஞ்சல் தூள் போட்டுத் தேய்ச்சா பளபளன்னு வந்துரும். என் வூட்டுக் குத்துவிளக்கப் பாத்தில்ல?"

சொன்ன வேகத்தில் வீட்டுக்குப் போய், பாத்திரம் தேய்க்கிற கிளிஞ்சல் தூளும் தேங்காய் நாருமாகத் திரும்பினாள். ஒரே இழுப்பு. 'கர்ர்' என்று சத்தம். கண்ணாடியின் மேல் ஓரத்தில் நகத்தால் பிறாண்டியதுபோல் கீறல் விழுந்தது.

"வோணாம்!"

மேரியின் கத்தலில் முனியம்மாளின் கையிலிருந்து நார் கீழே விழுந்தது. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் யாரும் கத்திக் கேட்டதில்லை. மேரி ஓடி வந்து கண்ணாடியை இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அது அவரு கடைசியா தலைய ஒதறின தண்ணி, நான் தொடைக்காம வெச்சது. ஒவ்வொரு பொட்டும் அவரு தெறிச்சது. வேற இன்னா வெச்சுட்டுப் போனாரு எனக்கு? படகு இருக்குதா? இத்தையும் அழிச்சிட்டா நான் எத்தப் பாத்துக்கினு இருப்பேன்?"

ஜெனிஃபர் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு ஏதோ தெரியும். சொல்ல மனம் வரவில்லை. முனியம்மாளுக்கு அந்தச் சங்கடமெல்லாம் கிடையாது.

"அடிப் பைத்தியமே! பெலிக்ஸ் இருக்க சொல்ல நம்ம தெருவுல ஏதுடி போரு பைப்பு? மணல்ல ஊத்து தோண்டி, கொட்டாங்குச்சில மொண்டுகினு வருவோமே, மறந்துட்டியா? இளநீ மாதிரி இருக்கும் அந்தத் தண்ணி. அது எங்கடி கறை புடிச்சுது? அவன் போன அடுத்த கோடைலதானே இந்தப் போரு போட்டாங்க. அந்த உப்புத் தண்ணி வந்த அப்பால தானே குண்டான், கொழாய், தலமயிரு எல்லாம் வெள்ள பூத்துச்சு!"

மேரியின் கைகள் மெல்லக் கண்ணாடியிலிருந்து இறங்கின.

"அப்போ இது..."

"இது நீ மூஞ்சி கழுவின தண்ணிம்மா" என்றாள் ஜெனிஃபர், தரையைப் பார்த்தபடி. "தெனமும் இங்கயே நின்னு கழுவினியே. அதான்."

ஒருத்திக்கு மறுபடியும் தாலி அறுந்தால் எப்படி இருக்கும்? மேரிக்கு அப்படித்தான் இருந்தது. கணவனின் துளிகள் என்று இத்தனை காலம் காத்தது அவளே தெறித்த உப்புத் தண்ணீர்! பறியை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், ஏரிக்கு நடந்தாள்.

வெயில் சாயும்வரை சேற்றைத் தடவினாள். இறால்கள் விரலில் இடறின, பிடிக்கவில்லை. நழுவி ஓடுகிறவற்றை ஓடவிட்டாள். கயிற்றைக் கடித்திருந்த வாய்க்குள் அழுகை முட்டியது. வாயைத் திறந்து அழலாம் என்றால் பறி விழுந்துவிடும். பறி விழட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு மகளின் பேச்சு ஞாபகம் வந்தது. 'உன் மூஞ்சியும் தெரியல, என் மூஞ்சியும் தெரியல.' அந்தப் பெண்ணுக்கு அப்பாவும் இல்லை. கூடவே இருந்த அம்மாவும் கறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டால் அவள் யாரிடம் விடைபெறுவாள்?

வீட்டுக்கு வந்த மேரி ஈரச் சேலையைக்கூட மாற்றவில்லை.

"எப்டித் தொடைக்கணும்? சொல்லு. நானே செய்றேன்."

ஜெனிஃபர் முன்பே வாங்கி ஒளித்து வைத்திருந்த வினிகர் பாட்டிலை எடுத்து வந்தாள். பழைய பருத்தித் துணியை அதில் நனைத்துக் கண்ணாடியோடு ஒட்டவைத்தார்கள். "தேய்க்காத. கம்முனு வுட்டுடு, தானா ஊறும்" என்றாள் மகள். தாயும் மகளும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். வினிகர் வாசனை தொண்டையைக் கரித்தது. கொஞ்ச நேரம் கழித்துத் துணியை எடுத்துவிட்டு, கேன் தண்ணீரில் நனைத்த வேறொரு துணியால் மேரி மெல்ல வழித்தாள். வெள்ளை குழைந்து, பால் திரிந்ததுபோல் இறங்கியது. மேலே கொஞ்சம் தெளிந்தது. இன்னும் கொஞ்சம். தன் நெற்றியை அவள் பார்த்தாள். நெற்றியோர முடி நரைத்திருந்தது. இத்தனை நரை எப்போது வந்தது?

கீழ் மூலைக்கு வந்தபோது விரலில் ஏதோ இடறியது. சேற்றுக்குள் இறாலைக் கண்டுகொள்கிற விரல் அல்லவா, உடனே நின்றது. உப்புப் படலத்துக்கு அடியில் மூன்று ஸ்டிக்கர் பொட்டுகள். பெரிய அரக்குப் பொட்டுகள், ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டியவை. அவற்றை ஒட்டியது பெலிக்ஸ்தான். "எதுக்குயா என் பொட்ட வேஸ்ட் பண்ற?" என்று அவள் கேட்டதற்கு, "ஷோக்கா இருக்குதுல்ல?" என்றான். அதுவும் நல்ல யோசனைதான் என்று அவளும் பொட்டுகளைக் கழற்றி அவற்றின் பக்கத்திலேயே ஒட்டப் பழகினாள். அவன் போன பிறகு பொட்டும் போயிற்று. அந்த மூலைப்பக்கம் அவள் பார்ப்பதே இல்லை.

வினிகரில் ஊறிய பொட்டுகள் தொட்டதும் நழுவின. முதல் பொட்டு விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது.

அடியில், நீலமாக, ரேகையெல்லாம் தெளிவாக, ஒரு கட்டைவிரல்.

அந்த நீலம்! உடைந்து கரை ஒதுங்கிய படகின் நீலம். அதைத் தொட மேரி நீட்டிய விரல் பாதியில் நின்றது, தொட்டால் அழிந்துவிடுமோ என்று.

"ம்மா, இன்னாம்மா அது?" என்று ஜெனிஃபர் குனிந்தாள்.

பதில் மகளுக்கு வரவில்லை. நேராகக் கண்ணாடிக்குப் போனது.

"யோவ் புளுகா! மண்ணெண்ணெ போட்டுத் தொடச்சேன்னியே! பொட்ட ஒட்டி மறச்சு வெச்சியா? இத்தன வருசமா என்ன ஏமாத்திக்கினு இருந்தியா? சோம்பேறி! ஒரு துணிய எடுத்துத் தொடைக்க உனக்கு ஒடம்பு வளையல, என் பொட்டு மூணு கேட்டுச்சா? நல்லா இருக்குதாயா ஞாயம்? வா, இங்க வா நீ, உன்ன..."

திட்டினாள். கண்ணீர் தாரையாக ஓட, சிரிப்பு குறுக்கே குறுக்கே வெடிக்க, மூச்சு வாங்கத் திட்டினாள். படகைத் திட்டினாள், காற்றைத் திட்டினாள், சொல்லாமல் போனதற்குத் திட்டினாள். பற்களுக்கிடையே இத்தனை காலம் அடைபட்டுக் கிடந்ததெல்லாம் அந்தத் தாழ்வாரத்தில் கொட்டியது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து முனியம்மாள் கேட்டாள்.

"ஜெனிஃபரு! உங்கம்மா யாரடி அந்தப் போடு போடறா?"

"நைனாவ அத்தே!" என்று ஜெனிஃபர் கத்தினாள். அவளுக்கும் குரல் உடைந்திருந்தது.

சுவருக்கு மேலாக முனியம்மாளின் குரல் வந்தது. "திட்டட்டும், திட்டட்டும். ஒரு பங்கு நானும் சேத்து திட்டினேன்னு சொல்லு."

கல்யாணத்தன்று காலை, ஜெனிஃபர் வெள்ளைப் பட்டில் அந்தக் கண்ணாடியின் முன்னால் நின்றாள். பின்னால் மேரி. முக்காட்டைப் போட்டு மடிப்பைச் சரிசெய்தாள். கண்ணாடியில் இரண்டு முகங்களும் துல்லியமாகத் தெரிந்தன. கீழ் மூலையின் நீல விரல், ஜெனிஃபரின் பிம்பத்தில் சரியாகத் தோளின் மேல் விழுந்திருந்தது. யாரோ பின்னாலிருந்து கை வைத்ததுபோல்.

"கொஞ்சம் இந்தண்ட நகரட்டுமாம்மா? முக்காடு தெரியல."

"நகராத" என்றாள் மேரி. "அப்டியே நில்லு. உங்க நைனாவுக்கு இப்பதான் கை எட்டிச்சு."

ஜெனிஃபரின் கண் நிறைந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்க்கப் போனாள்.

"ஏய், நேராப் பாக்காத! கண்ணாடில பாரு. கண்ணத் தொடைடி, மையெல்லாம் கரையுது பாரு. அப்பனாட்டமே எதுக்கும் ஒரு பொறுமை கெடையாது..."

தெருவில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. மேரி திட்டிக்கொண்டேதான் மகளை வாசல்வரை கூட்டிப்போனாள்.